ஏழுக்கு மேல் இல்லை

இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு,

நேற்றுப் பிற்பகல் உங்கள் கொன்ஸ்டபிள் கொண்டுவந்து தந்த காசுகளைப் பார்த்துவிட்டேன். பெறுமதி எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். அதற்கு முன் ஒரு சின்ன வேண்டுகோள். பொலிஸ் நிலையத்தில் யாரோ ஒருவர் இவற்றில் ஒன்றைப் பழப்புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். ஆனால் பழைய செம்பின்மேல் படிகிற கறுப்பும் பச்சையும்தான் காசின் வயதுக்குச் சாட்சி. அதைத் தேய்த்தெடுத்துவிட்டால் சேகரிப்பவர் எவரும் அதைத் தொடமாட்டார். மீதியை அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள்.

ஒல்லாந்தர் குடாவில் நிலாவெளி வள்ளமொன்றின் நங்கூரம் மாட்டி, இந்தப் பை மேலே வந்ததாகக் கொன்ஸ்டபிள் சொன்னார். கடலில் கிடந்த கித்தான் பை உக்காமல் இருக்கிறதே என்று அவருக்கு ஆச்சரியம். செம்போடு ஒட்டிக் கிடக்கும் துணியைக் கடல் எளிதில் தின்பதில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு இது ஒன்றும் பெரிய காரியமில்லை. பன்னிரண்டு வருடம் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அதற்கு வருகிறேன். எனக்கு இப்போது அறுபத்தொரு வயது, எழுதத் தொடங்கினால் கை சீக்கிரம் களைத்துவிடுகிறது. அதனால் ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் ஊருக்குப் புதியவர். பழைய காசென்றால் பேணாட்டிடம் போங்கள் என்று தபாற்கந்தோரில் சொல்லியிருப்பார்கள். ஐம்பத்தேழாம் ஆண்டு வரை நான் டொக்யாட்டில், வெள்ளைக்காரக் கடற்படையின் களஞ்சியத்தில், கிளாக்காக இருந்தேன். அவர்கள் போனதும் வேலையும் போனது. பிறகு கொப்பியும் பென்சிலும் விற்கிற இந்தக் கடையைப் போட்டேன். கடையின் மூலையில் கண்ணாடி மூடிய ஒரு மேசை இருக்கிறது, அதற்குள்தான் காசுகள். என் வாழ்க்கையில் எனக்கு உண்மையாகத் தெரிந்த விஷயம் அந்த மேசை அளவுதான்.

காசின் விலை அதன் வயதில் இருக்கிறதென்று எல்லோரும் நினைக்கிறார்கள். தம்பலகாமத்து வயலில் ராஜராஜன் காசு கலப்பை நுனியில் வரும். ஆயிரம் வயதிருக்கும். ஒரு பக்கத்தில் ஒருவன் நிற்பான், மறுபக்கத்தில் ஒருவன் குந்தியிருப்பான். கொழும்பில் யாரிடமாவது நீட்டிப் பாருங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஊரெல்லாம் கிடக்கிறதை யார் வாங்குவான்? நந்தியும் ‘சேது’ என்ற எழுத்தும் உள்ள காசை யாழ்ப்பாணத்து ஆட்கள் விலை பேசாமல் வாங்குவார்கள். தூண்டிற்கொக்கி மாதிரி வளைத்த வெள்ளிக்கம்பிக் காசுக்கு நேவி ஒபிசர்மார் பைத்தியமாய் அலைந்தார்கள். அவர்கள் கப்பலேறியதும் அதைக் கேட்க ஆளில்லாமல் போனது. ஐம்பத்தேழில் புத்த ஜயந்திக்கு அரசாங்கம் வெளியிட்ட ஐந்து ரூபாய் வெள்ளிக்காசை எல்லோரும் வாங்கி அலுமாரியில் பூட்டினார்கள். எல்லோரும் பூட்டியதால் அதற்கு மதிப்பில்லை. பிறகு வெள்ளி விலை ஏறியது, நகைக்கடைக்காரர் உருக்கினார்கள். அதன் பிறகு சேகரிப்பவர்கள் அதைத் தேடி வந்தார்கள். ஒரு காசுக்குக் கிராக்கி வேண்டுமென்றால் அதன் கூடப்பிறந்தவை அழிய வேண்டும். இது நான் செய்த சட்டமில்லை, எனக்கு முந்தியே இருந்தது.

இனி உங்கள் பையில் உள்ள காசு. ஒல்லாந்தர் கொம்பனியின் பின்னிய முத்திரைக்கு மேலே T என்று ஓர் எழுத்து இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதை இங்கே, நம் ஊரில் அடித்தார்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். கொழும்புக்கும் காலிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வேறு வேறு எழுத்து. அழகில்லாத காசு, தடிப்பு, ஓரம் ஒழுங்கில்லை. ஆனால் கோணமலை என்ற ஊருக்கென்று ஒரு காசு இருந்ததென்று சொல்ல வேறு சாட்சி என்னிடம் இல்லை. நான் அதைத் திருகோணமலைக் காசு என்றே எழுதுவேன்.

முதலாவதை என்னிடம் கொண்டுவந்தவர் லாபிர். அது ஐம்பத்தொன்பதாம் ஆண்டு. கிண்ணியாப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணி ஆள், கடலுக்குள் சங்கும் கடலட்டையும் குளித்தெடுக்கிறவர், அப்போது முப்பது வயதிருக்கும். சாரத்து மடிப்பை அவிழ்த்து மேசையில் வைத்தார். காசு புதுப்பானை மாதிரிப் பளபளத்தது. அவருடைய மனைவி சித்தி பரீதா பழப்புளி போட்டு, சாம்பல் போட்டு, ஒரு பகல் முழுக்கத் தேய்த்திருக்கிறா. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“ஏன் ஐயா, பொய்க்காசா?” என்றார் லாபிர்.

“காசு உண்மை. உங்கட மனிசி அதைக் கொன்னுபோட்டா” என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்ததைச் சேற்றோடு கொண்டுவந்தார். “இந்தாங்க, உயிரோட இருக்கு” என்றார். எனக்கு அவரைப் பிடிக்கும், இன்ஸ்பெக்டர். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஐந்து வருடத்தில் ஏழு காசு கொண்டுவந்தார். கோட்டைக்கு அடியில், மலை கடலுக்குள் இறங்குகிற இடத்தில் கற்களுக்கிடையே ஒன்றொன்றாகக் கிடைத்தவை. எங்கள் கதை எப்போதும் நீளும். தேத்தண்ணி குடிப்பார். தங்கச்சி றுக்கியாவைப் பற்றிச் சொல்வார். தகப்பன் இல்லாத பிள்ளை. அவர்களுடைய ஊரில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். வீடில்லாத பெண்ணுக்குப் பேச்சுக்கால் வராது. லாபிர் அத்திவாரம் போட்டு மூன்று வருடமாயிற்று, அதற்கு மேல் ஒரு கல் ஏறவில்லை.

ஏழு காசில் புளி போட்டதை நான் வைத்துக்கொண்டேன். கொழும்பில் ஒரு டாக்குத்தர் இருந்தார், நாணயச் சங்கத்தில் பெரிய ஆள். அவருக்கு இரண்டு கொடுத்தேன். மற்ற நான்கும் அவர் மூலமாக வெளிநாட்டுக்குப் போயின. ஒவ்வொன்றோடும் என் கைப்பட ஒரு கடிதம் அனுப்பினேன்: இது எங்கே எடுக்கப்பட்டது, யார் எடுத்தார், இந்த இடத்தில் எடுத்தவை ஏழு, ஏழுக்கு மேல் இல்லை. டாக்குத்தர் அதைச் சங்கத்தின் பத்திரிகையில் போட்டார். திருகோணமலை பேணாட்டின் கணக்குப்படி ஏழு என்று அச்சில் வந்தது. பிறகு ஒல்லாந்தில் இருந்து ஒரு பேராசிரியர் எழுதினார். ‘மதிப்புக்குரிய ஐயா’ என்று தொடங்கியிருந்தார்.

என் மனைவி றீற்றா அந்தக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னா, “டொக்யாட்டில இருந்த காலத்தில பக்கத்து மேசைக்காரன்கூட உங்களோட கதைக்கிறேல்ல. இப்ப ஒல்லாந்துக்காரன் எழுதுறான்.”

பகிடிக்குத்தான் சொன்னா. ஆனால் உண்மை. பத்தொன்பது வருடம் கயிறும் கித்தானும் ஆணியும் எண்ணிக் கொடுத்தவன் நான். போகும்போது ஒருவரும் என் பெயரைச் சொல்லிக் கை தரவில்லை. இப்போது என் சொல்லை நம்பி, நான் கண்ணால் காணாத மனிதர்கள் காசு வாங்கினார்கள். சேகரிப்பவன் காசை வாங்குவதில்லை, விற்கிறவனின் சொல்லைத்தான் வாங்குகிறான். அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாதென்று நான் நினைத்ததில் யாரும் குற்றம் காண முடியாது.

அறுபத்தைந்தாம் ஆண்டு பங்குனி மாதம், கடல் அடங்கியிருந்த நேரம், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து லாபிர் கடைக்கு வந்தார். கதிரையில் இருக்கவில்லை.

“ஐயா, ஒரு சாடி கெடக்கு. அஞ்சு பாகத் தண்ணிக்குள்ள, முப்பது அடி இருக்கும். கழுத்துவரைக்கும் மணல். கைய விட்டுப் பாத்தனான், முழுக்கக் காசு. கட்டிகட்டியா ஒட்டிப்போய்க் கெடக்கு.”

“எந்தக் காசு?”

“நம்மட காசுதான்.” மடிப்பிலிருந்து ஒரு பச்சைக் கட்டியை எடுத்து வைத்தார். பத்துப் பன்னிரண்டு காசு ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. நகத்தால் ஓரத்தைச் சுரண்டினேன். T தெரிந்தது. “எண்ண ஏலாது ஐயா. ஆயிரம் இருக்கும், ரெண்டாயிரமும் இருக்கும்.”

அவருடைய முகத்தை நான் மறக்கவில்லை. காசு ஒன்றுக்கு நான் கொடுத்த விலையை ஆயிரத்தால் பெருக்கிக்கொண்டு வந்திருந்தார். வீடு, கூரை ஓடு, கிணறு, றுக்கியாவின் நகை எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. கடலை நம்பிப் பிழைக்கிறவர்கள் இந்தப் பிழையைத்தான் விடுவார்கள். ஒரு சங்குக்கு ஒரு விலை, நூறு சங்குக்கு நூறு விலை. அவர்களுக்கு அது சரியாகத்தான் இருக்கும், சங்கு வாங்குகிறவன் எத்தனை வந்தாலும் வாங்குவான். ஏழாக இருந்தபோதுதான் அந்தக் காசுக்கு விலை இருந்தது என்பதை அவருக்கு விளங்கப்படுத்த நான் மெய்யாகவே முயன்றேன். மூன்று நாள் முயன்றேன். ராஜராஜன் காசை எடுத்து முன்னால் வைத்துச் சொன்னேன், வெள்ளிக்காசைக் காட்டிச் சொன்னேன். சாடியை அப்படியே விட்டுவிடுங்கள், வருடத்துக்கு இரண்டோ மூன்றோ எடுத்து வாருங்கள், ஆருக்கும் தெரிய வேண்டாம் என்றேன். அதைக்கூடச் சொன்னேன், என் கடிதங்களுக்கு அது எவ்வளவு துரோகம் என்று தெரிந்தும்.

லாபிர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார், “றுக்கியாக்கு இருபத்தாறு வயசு ஐயா. வருசத்துக்கு ரெண்டு காசு வித்து எந்தக் காலத்தில நான் ஓடு போடுறது?”

“எல்லாத்தையும் எடுத்தா ஒருத்தரும் வாங்கமாட்டான்.”

“வாங்கினது வரைக்கும் போதும். நான் சாக்கோட கொழும்புக்குக் கொண்டுபோறன். உங்கட டாக்குத்தரிட்டயே குடுக்கிறன். அவர் நல்ல மனுசன் எண்டு நீங்கதானே சொன்னீங்க.”

அந்த டாக்குத்தரின் வீட்டு வாசலில் சாக்கோடு லாபிர் நிற்பதை நான் மனதில் பார்த்தேன். எழுதும்போது இன்றைக்கும் தெரிகிறது. டாக்குத்தர் சாக்குக்குள் பார்ப்பார். பிறகு என் கடிதத்தை எடுத்துப் பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார், அவர் அப்படிப்பட்டவர். ஒல்லாந்துக்கு ஒரு வரி எழுதுவார். அவ்வளவுதான். ஐம்பது வயதுக்குக் கிட்ட வந்த மனிதன் மறுபடி ஆணி எண்ணுகிற கிளாக்காகிவிடுவான்.

எதற்கும் முதலில் ஒரு பங்கை எடுத்துப் பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார்.

இங்கே அவர்களுடைய தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் காலில் கல்லோடு இறங்குவார். அடிக்குப் போனதும் கல்லை விட்டுவிடுவார், மேலே இருப்பவன் அதை இழுத்தெடுப்பான். அவருடைய இடுப்பில் இன்னொரு கயிறு இருக்கும். அதை மூன்று தரம் சுண்டினால் இழு என்று அர்த்தம். அந்தக் கயிற்றை எப்போதும் மச்சான்தான் பிடிப்பார், மனைவியின் கூடப்பிறந்தவர். லாபிருக்குக் கயிறு பிடித்தவர் பரீதாவின் தம்பி ஜெமீல். ஏனென்று ஒருநாள் நான் கேட்டிருக்கிறேன்.

“கூடப்பொறந்தவள் புருசன இழந்து வெள்ளை உடுத்தி இத்தா இருக்கிறதப் பாக்க எவன் விரும்புவான், ஐயா? அதாலதான் கயிறு மச்சாண்ட கையில” என்று சொல்லியிருந்தார். அறிவுள்ள வழக்கம் என்று நான் அப்போதே நினைத்தேன்.

ஜெமீலைக் கூட்டிவர வேண்டாம் என்று நான் சொன்னேன். ஜெமீலுக்குத் தெரிந்தால் கிண்ணியா முழுக்கத் தெரியும், அடுத்த நாள் ஐம்பது வள்ளம் வந்து நிற்கும் என்றேன். அது நியாயமான பேச்சு. லாபிர் யோசித்தார், தாடையைச் சொறிந்தார். பிறகு சிரித்தார்.

“அப்ப நாளைக்கு ஐயாதான் எனக்கு மச்சான்.”

பையை நான் தைத்தேன். டொக்யாட்டுக் கித்தான் கொஞ்சம் என்னிடம் மீதமிருந்தது. கனம் தாங்க வேண்டுமென்று இரட்டைத் தையல் போட்டு, வாய்க்கு மூன்று பித்தளை வளையம் வைத்தேன். தைக்கும்போது என் மனதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்கவில்லை. றீற்றா பக்கத்தில் இருந்து செபமாலை சொன்னா, நானும் சொன்னேன். வழக்கமாக அவர்கள் கூடையைத் தனிக்கயிற்றில் இறக்குவார்கள், கூடை தனியே வரும், குளிக்கிறவர் வெறுங்கையோடு வருவார். பையை இடுப்போடு கட்டிவிடலாம் என்றது என் யோசனை. ஒரே இழுவையில் இரண்டும் வரும், கட்டி ஒன்றும் தவறி விழாது.

மறுநாள் காலை ஏழு மணிக்கே நல்ல வெயில். தண்ணீர் தெளிந்து கிடந்தது. வள்ளத்தில் நாங்கள் இருவரும்தான். நான் பையை அவர் இடுப்பில் கட்டினேன். நனைந்தால் இறுகுகிற முடிச்சொன்று டொக்யாட்டில் போடுவோம், கை பழகிப்போனது, அதுவே விழுந்தது.

“பை நிரம்பினாப் பிறகு பாரத்தோட நான் எப்பிடி ஐயா மேல வாறது?”

“நான் இழுப்பன்தானே.”

“ஓம், ஐயா இருக்கிறீங்கதானே” என்றார். பிஸ்மி சொன்னார், மூச்சை இழுத்தார், கல்லோடு போனார்.

கல்லை இழுத்தெடுத்து வள்ளத்துக்குள் வைத்தேன். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் வேலை செய்வது கயிற்றில் தெரிந்தது. மேலே கோட்டைச் சுவரோரம் ஒரு மான் வந்து நின்று எங்களைப் பார்த்தது. கோயிலில் மணி அடித்தது. அப்போது மூன்று தரம் சுண்டினார், முன்பே பேசிவைத்தபடி.

நான் இழுக்கவில்லை.

கொஞ்சம் பொறுத்து மறுபடி மூன்று தரம். பிறகு இரண்டு. பிறகு எண்ண முடியாதபடி. மீன் பிடித்த கயிறு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஒரு நிமிடம் இருக்கும், அதற்கு மேல் இராது. பிறகு சும்மா கயிறாகிவிட்டது. மான் போய்விட்டிருந்தது.

நான் அவரைத் தள்ளவில்லை, அடிக்கவில்லை, கயிற்றை அறுக்கவில்லை. லாபிரைக் கொன்றேன் என்று எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் எழுதுகிறேன்: லாபிரை நான் கொன்றேன். ஆனால் இழுக்கவில்லை என்பதுதான் சரியான சொல். மூன்று நாள் நான் சொன்னதை அவர் கேட்டிருந்தால் இழுத்திருப்பேன். அன்று காலையில்கூட, கல்லில் கால் வைக்குமுன், சாடியை விட்டுவிடுவோம் ஐயா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அதற்கு நான் இடம் கொடுத்தேன். வேண்டுமென்றே மெதுவாகத்தான் முடிச்சுப் போட்டேன்.

அவரைக் கடலில் விட்டுவிடவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். தனி ஆளாக இழுத்தெடுத்தேன். வலது தோள்மூட்டு அன்று பிசகியது, மாரியில் இன்றைக்கும் வலிக்கிறது. வள்ளத்தின் ஓரத்துக்கு வந்ததும் பை கட்டிய கயிற்றைக் கத்தியால் அறுத்து, பையைத் திரும்ப இறக்கிவிட்டேன். உங்கள் மேசையில் இருக்கிற பை அதுதான், அறுத்த கயிற்று முனை அப்படியே இருக்கிறது. பரீதாவுக்குக் கணவனின் உடல் கிடைத்தது. கடலில் போனவர்களின் பெண்கள் எத்தனை பேருக்கு அது கிடைக்கிறது? அன்று அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள். நான் மையவாடி வாசல்வரை போனேன். அழுதேன். அந்த அழுகை நடிப்பில்லை.

மரண விசாரணைக்கு வந்தவர் நான் சொன்னதை எழுதிக்கொண்டார். தனியே கிடந்த சங்கை எடுக்க லாபிர் போனார், பாறைக்குள் கால் சிக்கியிருக்க வேண்டும், நான் தொழில் தெரியாதவன் என்றேன். ஒருவரும் என்னை ஏசவில்லை. ஊர் ஏசியது ஜெமீலை. கயிற்றைப் பிறத்தியான் கையில் விட்டுவிட்டு நீ எங்கே போனாய் என்று அவருடைய தாயே கேட்டா. மூன்றாம் நாள் ஜெமீல் என் கடைக்கு வந்தார்.

“நீங்க பாவம் ஐயா. உங்களுக்குக் கடல் தெரியாது. நான் இருந்திருக்கோணும். எனக்குச் சொல்லாமப் போட்டார், மச்சானுக்கு என்னில என்ன கோவமோ தெரியா.”

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னேன். லாபிருக்கு அவரில் கோபமில்லை என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்ல முடிந்ததில் எனக்கும் ஆறுதலாக இருந்தது. அதற்குப் பிறகு ஜெமீல் கடலில் இறங்கவில்லை. கிண்ணியாத் துறையில் மூட்டை தூக்குகிறார்.

றுக்கியாவின் அத்திவாரம் புல் மூடிக் கிடக்கிறது. அவவுக்கு இப்போது முப்பத்தெட்டு. தையல் மிஷின் வைத்திருக்கிறா. கூடப்பிறந்த காக்காவைக் கடலுக்கு விடாமல் கொண்டுவந்து தந்த மனிதர் என்று ஒவ்வொரு பெருநாளுக்கும் எனக்கு வட்டிலப்பம் அனுப்புவா. றீற்றா காலமான வருடம் றுக்கியா தானே கொண்டுவந்தா. பன்னிரண்டு வருடத்தில் ஒரு தரமும் தவறவில்லை. நான் சாப்பிட்டுவிடுவேன். திருப்பி அனுப்பினால் மனம் நோவார்கள்.

இனிப் பெறுமதி. இதைச் சொல்லத்தான் எனக்கு மிகவும் அலுப்பாக இருக்கிறது. எழுபதில் டாக்குத்தர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார். போகுமுன் தம் சேகரிப்பை விற்றார். பட்டியல் எனக்கும் வந்தது. என்னுடைய இரண்டு திருகோணமலைக் காசையும் வேறு செப்புக்காசுகளோடு சேர்த்து, ‘ஒல்லாந்தர் காலத்து நாணயங்கள், கலப்பு’ என்று ஒரே வரியில் போட்டிருந்தார். ஊரின் பெயரில்லை. ஏழு என்ற சொல்லில்லை. ஒல்லாந்துப் பேராசிரியருக்கு எழுதினேன், பதில் வரவில்லை. செம்பின் காலம் போய்விட்டது. கொழும்பில் இன்று விக்டோரியாவின் கால்சதமும் அரைச்சதமும் தேடுகிறார்கள், கை படாத புதுக்காசாக இருக்க வேண்டும். வெள்ளிக்காசு தேடுகிறார்கள். நிலாவெளி ஹொட்டேலுக்கு வருகிற வெள்ளைக்காரர் கழுத்தில் தொங்கவிடக் காசு கேட்கிறார்கள். எந்தக் காசென்றும் பார்ப்பதில்லை, பளபளப்பாக இருந்தால் போதும். அவர்களுக்காக நான் பின் குசினியில் இருந்து பழப்புளி போட்டுத் தேய்க்கிறேன். பரீதா அன்று செய்ததைத்தான் இன்று நான் செய்கிறேன். போன மாதம் அவ தேய்த்த அந்த முதல் காசையும் ஒரு ஜெர்மன்காரிக்கு விற்றேன். அதன் விலையில் ஒரு இறாத்தல் பாண் வாங்கினேன், மிச்சம் பெரிதாக இல்லை.

ஆகவே உங்கள் பையில் எண்ணக்கூடிய காசு முந்நூற்றுப் பதினொன்று. மீதி கட்டி. இன்றைய சந்தையில் செம்பின் நிறைக்கு மேல் பெறுமதி இல்லை. உரித்தாளர்: குறிஞ்சாக்கேணி லாபிரின் மனைவி சித்தி பரீதா, தங்கை றுக்கியா. இவற்றைக் கடலில் கண்டெடுத்தவர் லாபிர், நான் சாட்சி.

நான் பயந்து எழுதவில்லை. நீங்கள் பெறுமதியை மட்டும்தான் கேட்டீர்கள், முடிச்சைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பையின் வாயைப் பார்த்தபோது என் கையை நான் கண்டேன், அவ்வளவுதான். நாளைக்குக் கடையைத் திறக்காமல் பொலிஸுக்கு வருகிறேன், ஆள் அனுப்ப வேண்டாம்.

ஒன்று மட்டும். சாடி இன்னும் அங்கே இருக்கிறது. நாங்கள் எடுத்தது கால்வாசியும் இல்லை. காலம் மாறும், இன்ஸ்பெக்டர், செம்பை மறுபடி தேடுவார்கள், எல்லாக் காசுக்கும் ஒரு சுற்று வரும். அப்போது அச்சில் இருக்கிற கணக்கு ஏழுதான். இந்தப் பையைக் குற்றத்தின் தடயமாக நீதிமன்றத்தில் பூட்டி வைத்துவிடுவீர்கள், அது வெளியே வராது. சாடி வெளியே வந்தால் நான் செய்தது எல்லாம் வீணாகிவிடும்.

பை வந்த இடத்தில் இன்னும் காசு கிடக்கலாமென்று, அதையும் எடுக்க ஜெமீலைக் கூட்டிவந்து இறக்கப்போகிறீர்கள் என்று கொன்ஸ்டபிள் சொன்னார். அந்த ஆழத்துக்கு மூச்சடக்கிப் போக அவரை விட்டால் இப்போது ஆளில்லை என்பது உண்மை. பன்னிரண்டு வருடம் இறங்காதவர், நம்பிக்கையான ஒருவர் கயிறு பிடித்தால் இறங்குகிறேன் என்று கேட்டிருக்கிறார். சாடி கிடக்கும் இடம் தெரிந்தவன் நான் ஒருவன்தான், ஜெமீலுக்கு என்னில் நம்பிக்கையும் இருக்கிறது. இந்தக் கடிதத்தை அவருக்குக் காட்ட அவசரமில்லை. என்னைக் காவலில் வைத்திருந்தாலும் காலையில் ஒரு மணித்தியாலம் விட்டால் போதும், கயிற்றை நான் பிடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பேணாட்